அத்தியாயம் 9: மெயில் ஆப்புக்குக் காசு கொடுக்கலாமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருக்கடையூரில் லாட்ஜ் நடத்துகிறவர், அறுபதாம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்து தருகிறவர், சமையல் காண்ட்ராக்டர், இவர்களில் யாருக்கும் மாதச் சந்தா கேட்கும் மெயில் ஆப் அநேகமாகத் தேவைப்படாது. அதற்குப் போகிற பணத்தில் ஒரு சின்னப் பங்கைச் சொந்த முகவரிக்குச் செலவழித்தால் பலன் உண்டு. விதிவிலக்கானவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இந்த அத்தியாயத்தில் இடம் வைத்திருக்கிறேன்.

போன அத்தியாயத்தில் வாட்ஸ்அப்பைப் பற்றிப் பார்த்தோம். "எல்லாரும் வாட்ஸ்அப்பில்தானே கேட்கிறார்கள், மெயில் எதற்கு?" என்று இந்த ஊரில் கேட்காதவர்கள் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அது சரி. ஆனால் அபிராமி சந்நிதிக்கு வருகிற மணிவிழாக் குடும்பங்களில் ஒரு பகுதி சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கிறது. மகள் நியூ ஜெர்சியில், மகன் சிங்கப்பூரில், பெற்றோர் மாம்பலத்தில் என்று ஒரே குடும்பம் மூன்று இடத்தில் இருக்கும். எத்தனை அறை, எத்தனை இலை, அட்வான்ஸ் எவ்வளவு, யார் அனுப்பியது என்பதை மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுத்தில் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் மெயிலுக்குத்தான் வருவார்கள். வாட்ஸ்அப்பில் பேசி முடித்த கணக்கை ஆறு மாதம் கழித்துத் தேடி எடுப்பது பெரும்பாடு. மெயிலில் பெயரைத் தட்டினால் வந்துவிடும்.

இந்தத் தொழிலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. கூட்டம் எப்போது வரும் என்பது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து பிறந்த வருஷமே திரும்பி வரும்போது சஷ்டியப்த பூர்த்தி. 1966 சித்திரை முதல் 1967 பங்குனி வரை பிறந்தவர்கள் பராபவ வருஷத்துக்காரர்கள். 2026 சித்திரையில் மறுபடியும் பராபவ பிறக்கிறது. அந்த ஆண்டில் அவரவர் மாதமும் நட்சத்திரமும் கூடுகிற நாளில்தான் அவர்கள் இங்கே வந்தாக வேண்டும். எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவும் டிக்கெட்டும் பார்க்க வேண்டியிருப்பதால் ஓராண்டு முன்பே விசாரிப்பார்கள். ஆக, உங்களுக்கு வருவது ஒரு நாளைக்கு நாலைந்து மெயில்தான்; ஆனால் ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மெயிலுக்கு எங்கே காசு போட வேண்டும் என்பதை இந்த ஒரு விஷயமே தீர்மானிக்கிறது.

மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

'மெயில்' என்று ஒரே சொல்லில் நாம் மூன்று பொருள்களைச் சொல்கிறோம். ஒன்று முகவரி. இரண்டாவது, கடிதங்கள் கிடக்கிற பெட்டி. இது கூகுள், ஜோஹோ, மைக்ரோசாஃப்ட் போன்றவர்களின் கணினிகளில் இருக்கிறது. மூன்றாவது, போனில் அதைத் திறந்து காட்டுகிற ஆப். ஆப் என்பது மூக்குக்கண்ணாடி மாதிரி. கண்ணாடியை மாற்றினால் கடிதம் மாறாது. ஜிமெயில் பெட்டியை ஜிமெயில் ஆப்பிலும் பார்க்கலாம், அவுட்லுக்கிலும் பார்க்கலாம், தண்டர்பேர்டிலும் பார்க்கலாம்.

'பிரீமியம் மெயில் ஆப்' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. சூப்பர்ஹியூமன் என்ற ஆப் மாதம் 30 டாலர் விலையாலேயே பெயர் பெற்றது. ஆண்டுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். 2020இல் வந்த ஹே, ஆண்டுக்கு 99 டாலர். இது முகவரியையும் பெட்டியையும் சேர்த்தே தருகிறது. ஸ்பார்க் இவற்றைவிட மலிவு, இலவசப் பதிப்பும் உண்டு. எல்லாம் நன்றாகச் செய்யப்பட்ட பொருள்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்காகச் செய்யப்பட்டவை என்று பார்க்க வேண்டும். சூப்பர்ஹியூமன் விற்பது வேகம்: நாளைக்கு நூறு, இருநூறு மெயில் வருகிறவர், கீபோர்டிலிருந்து கையெடுக்காமல் ஒவ்வொன்றையும் சில நொடிகளில் தள்ளிவிடுவதற்கான வசதி. நாலு மெயிலுக்கு அந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்துத் தரங்கம்பாடியில் 1712 முதல் 1714 வரை சீகன்பால்கு பாதிரியார் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மனில் பெயர்த்துக் கப்பலேற்றினார். அவை ஐரோப்பா போய்ச் சேர மாதங்கள் ஆயின. அவரிடம் இதை விற்றிருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பார்.

இந்த ஆப்கள் காசுக்கு விற்ற வசதிகளில் பல இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. அனுப்பிய மெயிலைத் திரும்ப இழுக்கும் வசதி ஜிமெயிலில் இருக்கிறது. கணினியில் அமைப்புகளுக்குப் போய் 30 நொடி வரை வைத்துக்கொள்ளலாம். குறித்த நேரத்தில் தானே போகும்படி அனுப்புவது 2019 ஏப்ரலில் வந்தது. மெயிலை ஒத்திவைத்து, நாம் சொன்ன நாளில் மறுபடி மேலே வரச் செய்யும் 'ஸ்னூஸ்' 2018இல் வந்தது. ஐபோனோடு வரும் ஆப்பிள் மெயிலிலும் 2022 முதல் இவை உண்டு.

இவற்றில் உங்களுக்கு மிகவும் உதவுவது ஸ்னூஸ்தான். அடுத்த ஆவணியில் சதாபிஷேகம் என்று ஒருவர் விசாரித்துவிட்டு, "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்று எழுதினால், அந்த மெயிலைப் பதினைந்து நாளுக்கு ஸ்னூஸ் போடுங்கள். பதினாறாம் நாள் காலையில் அது மேலே வந்து நிற்கும். நீங்களாக ஒரு வரி எழுதி விசாரிக்கலாம். நேரம் குறித்து அனுப்புவது அமெரிக்கக் குடும்பங்களுக்கு உதவும். நியூ ஜெர்சி நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. நம் காலை பத்து மணி அவர்களுக்கு நடுராத்திரி.

வாங்கிய ஆப் ஓடுமா?

முகவரிக்கும் பெட்டிக்கும் இல்லாத ஒரு சிக்கல் ஆப்புக்கு உண்டு. நடத்துகிறவர் கடையை மூடிவிடலாம். மெயில் ஆப்களின் வரலாறு முழுக்க இதுதான். ஸ்பாரோ என்ற ஆப்பை 2012இல் கூகுள் வாங்கியது. அதோடு அதன் வளர்ச்சி நின்றது. மெயில்பாக்ஸ் என்ற ஆப்பை 2013இல் டிராப்பாக்ஸ் வாங்கி, 2016 பிப்ரவரியில் மூடியது. கூகுளே நடத்திய இன்பாக்ஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது.

நமக்கு நெருக்கமான உதாரணம் நியூட்டன். இந்தியர்கள் உருவாக்கியது; முதலில் கிளவுட்மேஜிக் என்று பெயர். 2016இல் நியூட்டன் என்று பெயர் மாற்றி, ஆண்டுக்கு 49.99 டாலர் சந்தா வைத்தார்கள். பழகியவர்களுக்கு மிகவும் பிடித்த ஆப் அது. 2018 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். கூகுளும் அதன் போட்டியாளர்களும் இலவசமாகக் கொடுக்கிற ஒன்றுக்குக் காசு கேட்டு எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? எசென்ஷியல் என்ற போன் நிறுவனம் அதை வாங்கி 2019 பிப்ரவரியில் மறுபடி திறந்தது. ஓராண்டில் எசென்ஷியலே மூடப்பட்டது. நியூட்டன் 2020 ஏப்ரலோடு நிற்கும் என்று அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் அதன் பழைய வாடிக்கையாளர்கள் இருவர் எடுத்து நடத்த முன்வந்தார்கள். காசு கட்டியவர்களுக்கு நடுவில் எத்தனை படபடப்பு இருந்திருக்கும்!

நியூட்டன் மூடியபோதும் யாருடைய கடிதமும் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டி வேறிடத்தில் இருந்ததால், வேறு ஆப்பைப் போட்டுத் திறந்துகொண்டார்கள். போனது பழக்கமும் கட்டிய சந்தாவும்தான். ஆப்போடு முகவரியையும் சேர்த்து விற்பவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். அவர்கள் பெயரில் முடிகிற முகவரியை வாங்கி விசிட்டிங் கார்டில் அடித்த பிறகு விலகுவது சிரமம்.

காசு கட்டுவதிலும் ஒரு முள் இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் எந்தச் சந்தாவுக்கும் நாம் முன்கூட்டி ஒப்புதல் தர வேண்டும். எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் வங்கி செய்தி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். வாடிக்கையாளருக்கு இது நல்ல விதிதான். ஆனால் இந்த முறைக்கு மாறாத வெளிநாட்டு நிறுவனங்களின் சந்தா நம் கார்டில் இரண்டாம் மாதமே நின்றுபோகும். பிளே ஸ்டோர் வழியாக யுபிஐயில் கட்டினால் இந்தத் தொல்லை குறைவு. விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வருகிறதா என்பதையும் கடைசித் திரையில் பாருங்கள். ஆப்பைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, பேமென்ட்ஸ் பகுதியில் சப்ஸ்கிரிப்ஷனைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

இலவசத்துக்கும் விலை உண்டு

அதற்காக இலவசமாகக் கிடைக்கிற எதையும் போனில் ஏற்றலாம் என்று பொருளில்லை. மூன்றாம் மனிதர் ஆப் ஒன்றுக்கு ஜிமெயிலைத் திறக்க அனுமதி கொடுத்தால், அவர்கள் உங்கள் மெயில் முழுவதையும் படிக்க முடியும். அன்ரோல்மீ என்று ஒரு இலவசச் சேவை, வேண்டாத விளம்பர மெயில்களை ஒழித்துத் தருவதாகச் சொன்னது. அதன் தாய் நிறுவனம், மக்களின் மெயிலில் இருந்த லிஃப்ட் டாக்சி ரசீதுகளின் விவரத்தைப் பெயர் நீக்கி, போட்டி நிறுவனமான ஊபருக்கு விற்றது 2017இல் வெளியானது. அமெரிக்க வர்த்தக ஆணையம் பிறகு அந்தச் சேவையின் மீது நடவடிக்கை எடுத்தது.

உங்கள் பெட்டியில் வெறும் ரசீது மட்டும் இல்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணைய வழியில் தெரிவிக்க வேண்டும் என்பதால், லாட்ஜுக்குப் பாஸ்போர்ட் நகல்களை முன்பே மெயிலில் அனுப்பிவிடுகிறார்கள். பிறந்த தேதி, நேரம், ஊர், குடும்பத்தார் பெயர் எல்லாம் அதே மெயிலில் இருக்கும். ஆகவே கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், ஜோஹோ இவர்களின் சொந்த ஆப், அல்லது திறந்த மூல நிரலான தண்டர்பேர்ட், இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்டர்பேர்டின் ஆண்ட்ராய்டு பதிப்பு 2024 அக்டோபரில் வந்தது. இலவசம், விளம்பரமும் கிடையாது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். அடையாளம் தெரியாததை நீக்குங்கள்.

ரகசியம் காக்க புரோட்டான் மெயில் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். சுவிட்சர்லாந்துச் சேவை, 2014இல் தொடங்கியது, நன்றாகப் பூட்டப்பட்ட பெட்டி. ஆனால் அந்த முழுப் பூட்டு இரண்டு பக்கமும் புரோட்டான் இருந்தால்தான் தானாக விழும். சிங்கப்பூர் மாமா ஜிமெயிலிலிருந்து எழுதினால் அவர் பக்கத்தில் கடிதம் ஜிமெயிலில்தான் கிடக்கும். இன்னொன்று, 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில்கள் வந்தபோது தமிழ்நாடு காவல்துறை இந்தச் சேவையைத் தடை செய்யக் கேட்டது. 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றமும் தடை நடவடிக்கையைத் தொடங்கச் சொன்னது. பத்திரிகையாளருக்கு அது தேவைப்படலாம். அறை முன்பதிவுக்கு இந்த இழுபறி வேண்டாம்.

பெட்டி நிரம்பினால்

காசு செலவழிக்க நேரும் முதல் இடம் இதுதான். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அது ஜிமெயிலுக்கு மட்டும் இல்லை. டிரைவ், கூகுள் போட்டோஸ் எல்லாம் அதற்குள்தான். முன்பு ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப் இந்தக் கணக்கில் சேராது. இப்போது சேர்கிறது. ஒவ்வொரு கல்யாணத்திலும் கலச அபிஷேகம், மாலை மாற்றல், நாதஸ்வரம் என்று வரும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் குவிந்து, பேக்கப்பாகப் போய் அந்த 15 ஜிபியை அடைத்துவிடும். நிரம்பிவிட்டால் ஜிமெயிலுக்குப் புதிய கடிதம் வராது. எழுதியவருக்குத் திரும்பிப் போகும். யார் எழுதினார் என்று உங்களுக்குத் தெரியாது. "மெயில் போட்டோம், பதிலே இல்லை" என்று வேறு லாட்ஜுக்குப் போய்விடுவார்கள்.

முதலில் செலவில்லாத வழி. வாட்ஸ்அப்பில் சாட்ஸ் என்ற பகுதியில் சாட் பேக்கப்புக்குப் போய், வீடியோவைச் சேர்க்காதே என்று வையுங்கள். பிறகு கூகுள் கணக்கின் ஸ்டோரேஜ் பக்கத்தில் பெரிய கோப்புகளை வரிசையாகக் காட்டச் சொல்லி, வேண்டாதவற்றை நீக்குங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால், கூகுள் ஒன்னில் 100 ஜிபி வாங்குங்கள். இதை எழுதும்போது ஆண்டுக்கு 1,300 ரூபாய். பிரீமியம் ஆப் எதற்கும் கொடுப்பதைவிட இது பயனுள்ள செலவு.

உங்கள் பெயரில் ஒரு முகவரி

இரண்டாவது இடம் முகவரி. இந்த ஊரில் அபிராமி என்ற பெயர் வராத விடுதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லாருமே அபிராமியோடு ஊர்ப் பெயரையோ ஓர் எண்ணையோ ஒட்டி ஜிமெயில் முகவரி வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம்: முதல் எழுத்துக்குப் பின் எச் உண்டா இல்லையா, நடுவில் கே ஒன்றா இரண்டா, கடைசியில் யூவா இரண்டு ஓவா. ஓர் எழுத்து பிசகினால் மெயில் பக்கத்து விடுதிக்குப் போகும். அதைவிட மோசம், அதேபோல் ஒரு முகவரியை எவனோ ஒருவன் உருவாக்கி, "அட்வான்ஸை இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று எழுதலாம். ஜிமெயிலில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் எடுக்கலாம். சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) இருந்தால், அதில் முடிகிற முகவரியை நீங்கள் மட்டுமே உருவாக்க முடியும்.

டாட் இன் டொமைன் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். முதல் ஆண்டு நூறு, இருநூறு என்று ஆசை காட்டுவார்கள். இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெயர் குறுகலாக, போனில் சொன்னால் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளும்படி இருக்கட்டும். ஊர்ப் பெயரை அதில் சேர்க்காமலிருப்பது நல்லது. பதிவு உங்கள் பெயரில், உங்கள் போன் எண்ணில் இருக்க வேண்டும். வெப்சைட் செய்து தருகிற பையன் தன் பெயரில் பதிந்துவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால், புதுப்பிக்கும் நாளில் அவனைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். புதுப்பிக்கத் தவறிய டொமைனை வேறொருவர் வாங்கலாம். அப்புறம் உங்களுக்கு வரும் கடிதம் எல்லாம் அவருக்கு.

டொமைனை எந்தப் பெட்டியில் பொருத்துவது? நான் ஜோஹோ மெயிலைச் சொல்வேன். நம்ம ஊர்க்காரர் என்ற அபிமானமும் கொஞ்சம் இருக்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2009இல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. மெயில் சேவை 2008இல் வந்தது. மத்திய அரசு ஊழியர்களின் மெயில் இப்போது இவர்களுடைய தளத்துக்கு மாறியிருக்கிறது. அபிமானத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் சின்னத் தொழிலுக்குக் கணக்கு ஒத்துவருகிறது. ஒரு டொமைனுக்கு ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி, விளம்பரம் இல்லாத இலவசத் திட்டம் ஒன்று உண்டு. பெரிதாக விளம்பரம் செய்யமாட்டார்கள். விலைப் பக்கத்தில் தேட வேண்டும். அதில் ஒரு குறை: ஜோஹோவின் சொந்த ஆப்பிலோ பிரவுசரிலோதான் திறக்க முடியும், ஜிமெயில் ஆப்பில் சேர்க்க முடியாது. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் ஆளுக்கு மாதம் 59 ரூபாய் திட்டத்துக்குப் போக வேண்டும். மூன்று பேருக்கு ஆண்டுக்கு 2,124 ரூபாய், ஜிஎஸ்டியோடு 2,500 சொச்சம். இந்த விலைகள் மாறக்கூடியவை. பதியும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். சலுகைகளும் மாறும். கூகுள் 2012 டிசம்பர் வரை சொந்த டொமைனுக்கு மெயிலை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று புதிதாகக் கேட்பவருக்கு அது கிடையாது. டொமைன் உங்கள் கையில் இருக்கும் வரை, பெட்டிக்காரர் விலையை ஏற்றினால் அடுத்தவரிடம் மாறிக்கொள்ளலாம். முகவரி அப்படியே இருக்கும்.

பொருத்தும்போது எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகளைச் சேர்க்கச் சொல்வார்கள். இந்த மெயில் இந்த டொமைன்காரர் அனுப்பியதுதான் என்பதற்கு அத்தாட்சி அவை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். மூன்றும் இல்லாவிட்டால் உங்கள் பதில் நியூ ஜெர்சிப் பெண்ணின் ஸ்பாம் பெட்டியில் போய் விழலாம். செய்முறை ஜோஹோவின் உதவிப் பக்கத்தில் படிப்படியாக இருக்கிறது. பொறுமை இல்லாவிட்டால் டொமைன் விற்றவரிடமே செய்து தரச் சொல்லுங்கள். செய்துமுடித்ததும் ஒரு ஜிமெயில் முகவரிக்குச் சோதனைக் கடிதம் போட்டு, இன்பாக்ஸில் விழுகிறதா என்று பாருங்கள்.

ஆப்புக்குக் காசு கொடுக்கத் தக்கவர்

மயிலாடுதுறையில் ஆடிட்டர் அலுவலகம், வெளிநாட்டுக் குழுக்களுக்கு நவக்கிரகக் கோயில் சுற்றுலா நடத்தும் டிராவல்ஸ், நாளைக்கு நூறு மெயிலுக்கு மேல் பார்க்கும் எவரும் கட்டண ஆப்பைச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. நாலைந்து கணக்குகளை ஒரே இடத்தில் பார்ப்பது, இந்த மெயிலுக்கு யார் பதில் எழுதுவது என்று ஊழியர்களுக்குள் பிரித்துக்கொள்வது, இவற்றில் அவை நன்றாக உழைக்கும். இலவச மாதத்தில் பயன்படுத்திப் பாருங்கள். அந்த மாதம் நீங்கள் உண்மையில் தொட்ட கட்டண வசதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்தத் தாளில் இருப்பது ஜிமெயிலிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரத்து செய்துவிடலாம்.

இப்போது எல்லா ஆப்பும் ஏஐ பதில் எழுதித் தரும் என்று விலையை ஏற்றுகின்றன. அழகான ஆங்கிலம் எழுதும், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு உங்களிடம் அறை காலியா, அந்த முகூர்த்தத்துக்கு சாஸ்திரிகள் ஒத்துக்கொண்டாரா என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது ஒரு தயார்ப் பதில். ஜிமெயிலில் கணினியில் 'டெம்ப்ளேட்ஸ்' வசதியைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். போனில், ஜிபோர்டின் சொந்த அகராதியில் சில வரிகளைச் சேமித்து ஒரு சுருக்கெழுத்து கொடுத்தால், அதைத் தட்டும்போது முழு வரியும் பரிந்துரையாக வரும். மாதிரிக்கு ஒன்று:

"வணக்கம். தங்கள் மெயில் கிடைத்தது, சந்தோஷம். நாள் பார்க்க, ஐயாவின் தமிழ் மாதமும் நட்சத்திரமும் தேவை. தெரியாவிட்டால் பிறந்த தேதி, நேரம், ஊர் எழுதுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள், முதல் நாள் இரவே தங்குகிறீர்களா, காலை டிபனும் மதியச் சாப்பாடும் எத்தனை இலைக்கு என்றும் தெரிவியுங்கள். எங்கள் வங்கிக் கணக்கு விவரத்தை மெயிலில் அனுப்புவதில்லை. அட்வான்ஸ் போடுவதற்கு முன் கீழே உள்ள எண்ணில் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். மெயில் கணக்குக்குள் யாராவது புகுந்தால் முதலில் செய்வது, நடந்துகொண்டிருக்கும் பேச்சுக்கு நடுவே கணக்கு எண்ணை மாற்றி எழுதுவதுதான்.

புகாமலிருக்க இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள்; ஜிமெயிலிலும் ஜோஹோவிலும் இலவசம். ஒரே பாஸ்வேர்டை மேனேஜர், வரவேற்பில் இருக்கும் பையன், சென்னையில் இருக்கும் மகன் என்று மூன்று பேர் வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. ஜோஹோவில் ஆளுக்கொரு முகவரி கொடுத்துவிடலாம். ஜிமெயிலிலேயே இருப்பதென்றால், கணினியில் அமைப்புகளின் 'அக்கவுன்ட்ஸ்' பகுதியில் பத்துப் பேர் வரை அனுமதி கொடுக்கலாம். அவரவர் தங்கள் பாஸ்வேர்டிலேயே உள்ளே வந்து உங்கள் மெயிலைப் பார்ப்பார்கள். வேலையை விட்டுப் போகிறவரின் பெயரை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கணக்கை மீட்க வைத்திருக்கும் போன் எண் யாருடையது என்றும் இன்றே பாருங்கள். அது முதலாளியின் எண்ணாக இருக்க வேண்டும். யாராவது ஏமாந்து பணம் போட்டுவிட்டதாகத் தெரிந்தால், பணம் கட்டியவரைத் தன் வங்கிக்கு உடனே சொல்லச் சொல்லுங்கள். அவர் இந்தியாவில் இருந்தால் 1930க்கும் அழைக்கட்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பிருக்கிறது.